முப்பது மைலுக்கு மேல் போகாத எஞ்சின்

ஈஸ்டர் திங்கட்கிழமைக்கு இன்னும் இருபத்தாறு நாள் இருக்கும்போது, ஒரு புதன்கிழமை காலை, மூன்றாவது இட்லியில் கை வைத்தபடியே ஓஸ்வால்ட் ஒரு தீர்மானத்துக்கு வந்தார். சாகக் கூடாது.

தீர்மானம் எளியதுதான். ஆனால் எதிரே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த மனைவி நோராவுக்குத் தெரியாமல் அதை நிறைவேற்ற வேண்டும்.

"ஹொசகோட்டை பாலத்துக்கிட்ட லாரி கவுந்திருக்காம்" என்றாள் நோரா.

"எத்தனை பேரு?"

"மூணு. ஒருத்தனோட செருப்பு மட்டும்தான் கிடைச்சுதாம். நாமளும் அந்தப் பாலத்து மேலதானே போவோம், ஈஸ்டருக்கு?"

மூன்றாவது இட்லி இறங்கவில்லை.

இப்படி இது பதினோராவது விபத்து. ஓஸ்வால்ட் மில்லில் ஸ்டோர் கிளார்க். எதையும் எண்ணாமல் விடுகிற பழக்கம் அவருக்கு இல்லை. கடந்த பதினாலு நாளில் பதினோரு விபத்து படித்துவிட்டாள் நோரா. ஒரு பேப்பரில் அத்தனை விபத்து வருமா என்று மட்டும் அவர் யோசிக்கவில்லை. பயந்தவனுக்கு எண்ணத் தெரியும், யோசிக்கத் தெரியாது.

"ரயில்ல போகலாமே நோரா. பௌரிங்பேட்டையில மாறினா தங்கவயலுக்கே வண்டி இருக்கு."

"ரயில்ல போய் இறங்கினா எங்க அண்ணன் சிரிப்பான். அப்பா கொடுத்த வண்டி என்னாச்சு, வித்துட்டாரா மாப்பிள்ளைன்னு கேப்பான். வண்டியிலதான் வர்றோம்னு கடுதாசி போட்டாச்சு. அறுபத்தோரு மைல். வெயில் ஏறறதுக்குள்ள போயிடலாம், நீங்க கொஞ்சம் முறுக்கினா."

முறுக்க வேண்டிய அந்த வண்டி ஒரு அமெரிக்க மோட்டார் சைக்கிள், பக்கத்தில் சைட்காருடன். கோலார் தங்கவயலில் ஃபோர்மனாக இருந்த மாமனார், கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பேரில் எழுதிக் கொடுத்தது. ரெண்டு சிலிண்டர், ஒவ்வொன்றும் தவலை அளவு. அது கிளம்பினால் காக்ஸ் டவுனில் மூன்று தெருவுக்குக் காக்கை உட்காராது. ஏழு வருஷத்தில் ஓஸ்வால்ட் அதை மாதா கோயிலுக்கும் திரும்ப வீட்டுக்கும்தான் ஓட்டியிருக்கிறார். பதினைந்து மைல் வேகம். ஒரே ஒரு தடவை இருபத்திரண்டு தொட்டார். அன்று ஒரு நாய் துரத்தியது.

ஆனால் ஒரு விஷயத்தில் அவர் ராஜா. அந்த வண்டியை உதைத்துக் கிளப்ப அவரால்தான் முடியும். நூற்றுத் தொண்ணூறு ராத்தல் எடை அவருக்கு. மெதுவாக மூன்று உதை, ஒரு ஜெபம், பிறகு முழு எடையும் இறங்க ஒரு உதை. மூன்று வருஷத்துக்கு முன் நோரா ஆசைப்பட்டு ஒரு தடவை உதைத்தாள். கிக்கர் திருப்பி உதைத்தது. குரோட்டன்ஸ் தொட்டியில் போய் விழுந்தவள் ஒன்பது நாள் கணுக்காலுக்குப் பற்றுப் போட்டாள்.

"இதுக்கெல்லாம் ஆம்பிளைக் கால் வேணும் நோரா" என்றார் ஓஸ்வால்ட், அன்று.

நோரா பதில் சொல்லவில்லை. எல்லாவற்றையும் எண்ணுகிற மனிதர் அதை எண்ணாமல் விட்டுவிட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் அவள் அளவு நாடாவோடு வந்தாள்.

"உக்காருங்க. பேண்ட் தைக்கணும், ஊருக்குப் போக."

"பேண்டுக்கு நிக்கவச்சுத்தானே அளவெடுப்பாங்க?"

"அறுபது மைல் உக்காந்தில்ல போகணும்? உக்காந்தா இறுக்கக் கூடாது."

நியாயமாகத்தான் பட்டது. நாற்காலியில் அவர் உட்கார, நோரா பின்பக்கமாக, குறுக்கே நாடாவைப் பிடித்தாள். பதினெட்டரை அங்குலம். ஓஸ்வால்ட் கழுத்தைத் திருப்பித் தாமே ஒருமுறை சரிபார்த்தார். பதினெட்டரைதான்.

திங்கட்கிழமை மில்லுக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, ஜீவனஹள்ளி ரயில் கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த மைக்கேல்ராஜின் ஷெட்டுக்கு வண்டியை ஓட்டிப் போனார். காக்ஸ் டவுன் மோட்டார் சைக்கிள்களுக்கெல்லாம் மைக்கேல்ராஜ்தான் மெக்கானிக்.

"இந்த எஞ்சினை எடுத்துட்டு, சின்னதா ஒண்ணு வைக்க முடியுமாப்பா?"

மைக்கேல்ராஜ் கந்தல் துணியில் கையைத் துடைத்தான். ரொம்ப நேரம் துடைத்தான்.

"எதுக்கு சார்?"

"பெட்ரோல் ரேஷன் கூப்பன் பத்த மாட்டேங்குது."

"ஓ, கூப்பனா. எவ்வளவு வேகம் போகணும்?"

"முப்பது."

"முப்பதுக்குக் குறையாமயா?"

"முப்பதுக்கு மேல போகாம."

மைக்கேல்ராஜ் மூலையில் போய் ஒரு சாக்கை விலக்கினான். ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின். எண்ணெய் போட்டுத் துடைத்துப் பளபளவென்று இருந்தது. "மிலிட்டரி ஏலத்துல வந்தது சார். பூனைக்குட்டி மாதிரி. பழசை நான் எடுத்துக்கறேன், இதை நீங்க எடுத்துக்குங்க, சரிக்குச் சரி."

வேண்டிய எஞ்சின் வேண்டிய நேரத்தில் துடைத்து வைத்தபடி கிடைத்ததற்கு ஓஸ்வால்ட் மனசுக்குள் தேவனுக்கு நன்றி சொன்னார்.

"அம்மாவுக்குத் தெரியுமா சார்?"

"தெரியவே கூடாது."

"பேஜாராச்சே. ரெண்டு சிலிண்டர் இருந்த இடத்துல ஒண்ணு நின்னா பாக்கறவங்களுக்குத் தெரியாதா?" மைக்கேல்ராஜ் மேலே கூரையைப் பார்த்து யோசித்தான். "ஒண்ணு பண்றேன். காலி சிலிண்டர் ஒண்ணு கிடக்குது. பக்கத்துல சும்மா நிக்க வச்சு முடுக்கிடறேன். உள்ள ஒண்ணும் இருக்காது. பாக்க ரெட்டையா இருக்கும்."

"முப்பது நிச்சயமா?"

"நம்பிக்கை இல்லன்னா, கைப்பிடியில ஒரு திருகாணி வைக்கறேன். அதுக்கு மேல முறுக்கவே வராது. இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க சார். எஞ்சின் நம்பர் மாறுதில்ல, பதிவு ஆபீஸ்ல ஓனர் கையெழுத்து கேப்பாங்க."

ஓஸ்வால்ட் திருகாணியைக் கையில் வாங்கிப் பார்த்தார். கால் அங்குலம், பித்தளை. திருப்தியாகக் கையெழுத்துப் போட்டார்.

வீட்டில் கார்புரேட்டர் அழுக்கு என்று சொன்னார். நாலு நாள் ஆகும் என்றார்.

"அஞ்சு நாள் விடுங்க" என்றாள் நோரா. "அவசரப்படுத்தினா வேலை சுத்தமா இருக்காது."

சனிக்கிழமை வண்டியை எடுத்து வந்தார். சத்தமே மாறிப்போயிருந்தது. முன்பு ரெண்டு பேர் சண்டை போடுவது போல இருக்கும். இப்போது ஒருவர் மட்டும் தனியாகப் புலம்பினார். அவள் கேட்டால் சொல்ல நாலு பதில் தயார் செய்திருந்தார். வாசலில் நின்ற நோரா எதுவும் கேட்கவில்லை. நேராக வண்டியிடம் வந்தாள். குனிந்தாள். அந்தக் காலிச் சிலிண்டர் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

மூன்று மைல் சுற்றி வந்த வண்டி. நிஜச் சிலிண்டராக இருந்தால் தோல் பொசுங்கியிருக்கும். நோராவின் கை அதன் மேல் அப்படியே இருந்தது. ஒன்று, இரண்டு என்று ஓஸ்வால்ட் மனசுக்குள் எண்ணினார். ஏழு வரை எண்ணினார்.

"நல்லாத் துடைச்சிருக்கான்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

பெண்களுக்கு எஞ்சின் விஷயம் தெரியாமல் இருப்பதும் ஒரு வரம்தான் என்று நினைத்தபடி அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த நாள் மாதா கோயில் பூசைக்குக் கிளம்பும்போது இன்னொரு சங்கடம். பழைய வழக்கப்படி முழு எடையையும் இறக்கியதும் கிக்கர் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. அவர் முழங்காலோடு தரைக்குப் போகப் பார்த்தார். அன்றிலிருந்து நடிக்க வேண்டியதாயிற்று. மூன்று பொய் உதை, ஒரு ஜெபம், ஒரு முனகல், பிறகு பூப்போல ஒரு உதை. நோரா ஜன்னலில் நின்று ஒவ்வொரு தடவையும் பார்த்தாள்.

"ரொம்பக் கஷ்டமா இருக்குங்களா?"

"பழகிப்போச்சு" என்றார், மூச்சு வாங்கியபடி.

முப்பது மைலில் போனால் அறுபத்தோரு மைலுக்கு ரெண்டு மணி ரெண்டு நிமிஷம். அவர் கையில் கைப்பிடி. கைப்பிடியில் திருகாணி. ஹொசகோட்டை பாலத்தில் பத்து மைலாகக் குறைத்துக்கொள்ளலாம். லாரி வந்தால் இறங்கி நின்றுகொள்ளலாம். இப்படிக் கணக்குப் போட்டுத் தூங்கப் பழகிக்கொண்டார்.

ஈஸ்டர் திங்கட்கிழமை விடிந்தது. தொப்பியும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு வெளியே வந்த ஓஸ்வால்ட் வாசற்படியில் நின்றுவிட்டார்.

வண்டிக்குப் பக்கத்தில் நோரா, மாமனாரின் காக்கிக் கோட்டில். ஊருக்குப் போகத் தைத்த பேண்டும் வந்திருந்தது. அதுவும் நோராதான் போட்டிருந்தாள். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் காலைத் தூக்கி ஒரு உதை உதைத்தாள். ஜெபம் இல்லை, முனகல் இல்லை. எஞ்சின் கிளம்பிவிட்டது.

"ஏறுங்க. வெயில் வந்துரும்."

"நோரா, நீ எப்படி?"

"பதினாறு வயசுல அப்பாவோட சின்ன வண்டியைத் தங்கவயல் பூரா ஓட்டினேன். லைசென்ஸ் இருக்கு. பெரிய எஞ்சினுக்குத்தான் ஆம்பிளைக் கால் வேணும்னு சொன்னீங்க. இது சின்னதாச்சே."

"மைக்கேல்ராஜ் சொல்லிட்டானா?"

"அவன் என்ன சொல்றது, நான்தான் அவனுக்குச் சொன்னேன். இந்த எஞ்சின் ஒரு வருஷமா அவன் சாக்குக்கு அடியில கிடக்குது. வண்டி சார் பேர்ல இருக்கு, சார் கையெழுத்து இல்லாம தொட மாட்டேன்னுட்டான்."

"என்கிட்ட கேட்டிருக்கலாமே."

"கேட்டா போட்டிருப்பீங்களா?"

ஓஸ்வால்ட் பொய் சொல்லிப் பழகாதவர். பழகிய ஒன்றிரண்டும் இந்த மாசத்தில் செலவாகிவிட்டன. பிறகு மெல்லக் கேட்டார்: "அப்போ பேப்பர்ல படிச்ச அந்தப் பதினோரு விபத்து?"

"மூணு நிஜம்."

பாலத்து லாரி அந்த மூன்றில் சேர்த்தியா என்று கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை. கடைசியாக ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது. "எப்படியும் முப்பதுக்கு மேல போகாது" என்றார்.

நோரா கோட்டுப் பையில் கைவிட்டு எதையோ எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினாள். திறந்து பார்க்காமலே அவருக்குத் தெரிந்துவிட்டது. கால் அங்குலம், பித்தளை.

சைட்காருக்குள் ஒரு காலை வைத்தார். அங்கிருந்து பார்த்தால் தெருவில் நிற்கிற ஜட்கா வண்டியின் சக்கரமே காதுக்கு நேராக இருந்தது. லாரிச் சக்கரம் எங்கே இருக்கும் என்று கணக்குப் பார்க்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். இன்னொரு காலையும் வைத்தார். உள்ளே பச்சை ரெக்சினில் புது மெத்தை தைத்துப் போட்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்.

இந்தப் பக்கமும் இடைவெளி இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. பதினெட்டரை அங்குலம்.