மசோதா ராவுத்தரின் துப்பாக்கி

பார்லிமெண்டைப் பார்த்து உண்மையிலேயே பயந்த ஒரே இந்தியக் குடிமகன் எங்கள் மசோதா ராவுத்தர்தான். எந்தக் கோர்ட்டில் ஏறி வேண்டுமானாலும் இதைச் சொல்ல நான் தயார். உள்ளே உட்கார்ந்திருந்த மெம்பர்களே விவாதத்தின் நடுவில் கண்ணயர்ந்திருப்பார்கள். இலுப்பூர் கடைவீதியில் பெட்ரோமாக்ஸ் விளக்கு வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த இந்த மனிதர் அயரவில்லை. டில்லியில் யாராவது எழுந்து 'துப்பாக்கி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இங்கே இவர் கையிலிருக்கும் விளக்கைக் கீழே வைத்துவிடுவார்.

ஐம்பதுகளின் ஆரம்பத்தில் இலுப்பூர்ப் பள்ளிக்கூடத்துக்கு இங்கிலீஷ் வாத்தியாராகப் போய்ச் சேர்ந்தேன். ராவுத்தர் கடையை ஒட்டி ஓர் அறை காலியாக இருந்தது. வாடகை பேசப் போனால் அவர் என் ஊரைக் கேட்கவில்லை, சம்பளத்தைக் கேட்கவில்லை.

"இங்கிலீஷ் பேப்பர் படிச்சா வெளங்குமா?"

"வெளங்கும்."

"சட்டசபைச் சங்கதி போடுவான்ல, பொடி எழுத்துல? அது?"

"அதுவும்தான்."

சாவியைக் கையில் வைத்துவிட்டார். குடியிருக்க அறை கிடைத்தது என்று நான் சந்தோஷப்பட்டேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இன்னொரு பள்ளிக்கூடம் ஆரம்பமாகும் என்று அப்போது யார் கண்டது!

கடைக்குள் வரிசையாகப் பெட்ரோமாக்ஸ் விளக்குகள் தொங்கும். அவற்றுக்கு நடுவே, பச்சைத் துணி சுற்றி, ஒரு நாட்டுத் துப்பாக்கி. குழல் வாயில் மரத்தக்கை அடைத்து, நூலால் இறுக்கிக் கட்டியிருக்கும். அது பெண்ணோடு வந்த சீர். ராவுத்தரின் மாமனார் சமஸ்தான காலத்தில் அரண்மனை வேட்டைக் கூட்டத்தோடு காடு சுற்றியவர். நார்த்தாமலைப் பக்கம் இதே துப்பாக்கியால் ஒரு சிறுத்தையைச் சுட்டார் என்று பேச்சு. சிறுத்தையைப் பார்த்த சாட்சி யாரும் கிடையாது.

நிக்காஹ் அன்றைக்கு அந்த மாமனார் ஜமாத்தார் எதிரில் துப்பாக்கியை மாப்பிள்ளை கையில் கொடுத்து, "பொண்ணையும் இதையும் சேத்துத்தான் ஒப்படைக்கிறேன் மாப்ள. இது கைய விட்டுப் போச்சுன்னா அவளும் எங்க வீட்டுக்குத் திரும்பிருவா, பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை.

நாற்பத்தெட்டில் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது. ஊர் மிட்டாய் தின்றுகொண்டிருந்தபோது ராவுத்தர் துப்பாக்கி லைசென்ஸை வெளியே எடுத்து வைத்துக்கொண்டு விழித்தார். லைசென்ஸ் கொடுத்தது சமஸ்தானம். அதுவே இப்போது இல்லை. இனி மெட்ராஸில் ஒரு சர்க்கார், அதற்கு மேலே டில்லியில் ஒரு சர்க்கார். ஒரு துப்பாக்கிக்கு இரண்டு எஜமான்கள்! இவர்களில் யாராவது ஒருவர், நாட்டுத் துப்பாக்கியை எல்லாம் ஒப்படையுங்கள் என்று ஒரு சட்டம் போட்டால்? துப்பாக்கி போகும். அதன் பின்னாலேயே அவர் மனைவி பீவியம்மாவும் போய்விடுவார். மனிதருக்கு அன்றைக்குப் பிடித்தது இந்தக் கிலி.

"அது உங்க மாமனார் வேடிக்கைக்குச் சொன்னது ராவுத்தரே" என்று நான் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

"இருக்கலாம் வாத்தியாரே. ஆனா அவரு மௌத்தாப் போயிட்டாருல்ல? மசோதாவக் கொண்டாந்தவருதான் வாபஸ் வாங்கணும். இனிமே யாரு வாங்குறது? அது சட்டமாயிருச்சு."

நான் பேப்பரைப் பிரித்து அடுத்த பக்கத்துக்குப் போனேன்.

பீவியம்மாவை நான் பல வருஷம் கண்ணால் கண்டதில்லை. கடைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு கதவு. அதன் இடுக்கில் ஒரு குரல், டீ கிளாஸ் நீட்டும் ஒரு வளையல் கை. எனக்குத் தெரிந்த பீவியம்மா அவ்வளவுதான். ஆனால் குரல் என்றால் குரல்! "ஏங்க, சாப்பிட வாரீகளா, இல்ல அப்படியே டில்லிக்குப் போயிட்டீகளா?" என்று ஒரு சத்தம் வந்தால், கடைவீதியில் பாதிப் பேர் சாப்பிடப் போவார்கள்.

கடை வாசலில் இரண்டு கரும்பலகைகளை ராவுத்தர் மாட்டியிருந்தார். இடப்பக்கம் மெட்ராஸ், வலப்பக்கம் டில்லி. சாயங்கால பஸ்ஸில் பேப்பர் வந்து இறங்கும். நான் படித்துச் சொல்லச் சொல்ல அவர் சாக்கட்டியால் எழுதுவார். 'மெட்ராஸ்: அமைதி. டில்லி: ஒரு மெம்பர் எழுந்து நின்றார்.' மறுநாள், 'டில்லி: உட்கார்ந்துவிட்டார். அல்ஹம்துலில்லாஹ்.'

துப்பாக்கி வைத்திருந்த சம்சாரிகள் குடுமியான்மலையிலிருந்தெல்லாம் சந்தைக்கு வருகிற சாக்கில் பலகையைப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

"ராவுத்தரே, டில்லிப் பக்கம் எப்படி இருக்கு?"

"மூடாப்பா இருக்கு. எறங்குமா கலையுமான்னு சொல்ல முடியல."

"மெட்ராசு?"

"அங்கிட்டுச் சுத்தமா வெளிவாங்கிருச்சு. போயி நிம்மதியா ஒழவப் பாருங்க."

மழையைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைத்து, காயப் போட்ட மல்லியை அவசர அவசரமாக அள்ளிக் கட்டிய வியாபாரிகள் உண்டு.

மசோதா ஒன்று வந்துவிட்டால் ராவுத்தருக்குக் கடை, வாடிக்கை எல்லாம் மறந்துபோகும். ஒரு கல்யாணத்துக்கு விளக்கு எடுக்க மாப்பிள்ளையின் அப்பா வந்தார். பாவம், சும்மா இருக்காமல் பலகையைப் பார்த்து "இது என்னங்க?" என்று கேட்டுத் தொலைத்தார். அவரைப் பெஞ்சில் உட்கார வைத்து, முதல் வாசிப்பு என்றால் என்ன, இரண்டாம் வாசிப்பு என்றால் என்ன, செலக்ட் கமிட்டிக்குப் போனால் ஏன் ஒரு வருஷத்துக்கு நிம்மதியாகத் தூங்கலாம் என்று ராவுத்தர் விளக்கினார். அங்கே மாப்பிள்ளை ஊர்வலம் இருட்டில் நின்றது. மேளக்காரர்கள் வாசித்து வாசித்து ஓய்ந்துவிட்டார்கள். கடைசியில் மாப்பிள்ளையே மாலையும் கழுத்துமாகக் கடைக்கு வந்து, "அப்பா, மூணாவது வாசிப்பக் கல்யாணத்துக்குப் பெறகு கேட்டுக்கலாம், எந்திரிங்க" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனான்.

இதாவது பரவாயில்லை. காட்டுப்பன்றி விவகாரத்தைக் கேளுங்கள். ஒரு சந்தை நாளில், எங்கிருந்தோ கலைந்து வந்த பன்றி ஒன்று நட்டநடுச் சந்தைக்குள் புகுந்துவிட்டது. ஜனங்கள் வண்டிகளின் மேல் ஏறிக்கொண்டார்கள். சர்க்கரைவள்ளிக் கிழங்கு விற்ற அம்மாள் குவியலை விட்டுவிட்டு ஓடினாள். பன்றி சாவகாசமாகக் கிழங்கைத் தின்ன ஆரம்பித்தது. "ராவுத்தரே, துப்பாக்கிய எடுங்க!" என்று ஊரே கத்தியது.

எடுத்துக்கொண்டு வந்தார். பச்சைத் துணியை அவிழ்த்தார். அவசரத்தில் தக்கையைக்கூட எடுக்காமல் தோளில் வைத்தார். எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டோம். சத்தத்தைக் காணோம். கண்ணைத் திறந்து பார்த்தால், மனிதர் துப்பாக்கியை இறக்கிவிட்டு யோசனையில் நிற்கிறார்.

"என்னங்க ஆச்சு?" என்று கத்தினேன், ஒரு மாட்டு வண்டியின் மேலிருந்து.

"வாத்தியாரே, மெட்ராசுல ஒரு திருத்தம் நிலுவையில இருக்கே. வெளைச்சல் நெலத்துல பன்னி வந்தா சுடலாங்குறான். சந்தை வெளைச்சல் நெலத்துல சேருமா?"

"கெழங்கு வெளைச்சல்தானய்யா!"

"வெளைஞ்சு வித்தாச்சுன்னா அது சரக்குல்ல?"

சரக்கு முழுவதையும் தின்று முடித்துவிட்டுப் பன்றி தன் வழியே போய்விட்டது. கிழங்குக்கார அம்மாள் திரும்பி வந்து, "அட கருமாந்திரம் புடிச்ச துப்பாக்கியே! நீ வெளங்குவியா?" என்று துப்பாக்கியைத்தான் வைதாள். ராவுத்தரை வையவில்லை. அவரை யாருக்கும் வைய மனசு வராது. கிழங்குக்கு விலையையும் கொடுத்து, வீட்டுக்குப் போகும் வழியில் இருட்டிவிடும் என்று ஒரு விளக்கையும் கொடுத்து அனுப்பினார்.

பிறகு வந்தது பெரிய சோதனை. பயிர்க் காவலுக்கென்று நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்பவர்களிடம் பயிர் இருக்கிறதா என்று நேரில் பார்த்துத்தான் இனி லைசென்ஸைப் புதுப்பிப்பார்கள் என்று செய்தி. ராவுத்தருக்கு நிலம் என்று ஒரு கையகலம் கிடையாது. மூன்று நாள் முகம் பார்க்கச் சகிக்கவில்லை. நான்காம் நாள் கடைக்குப் பின்னால் போய்ப் பார்த்தால், பழைய மண்ணெண்ணெய் டின்களில் எல்லாம் மண்ணை நிரப்பிக் கடலை ஊன்றிக்கொண்டிருக்கிறார்.

"என்ன ராவுத்தரே இது?"

"விவசாயம்" என்றார், நிமிராமல்.

செடி நாலு இலை விட்ட சமயத்தில் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்தார். வெயிலில் சைக்கிள் மிதித்து வந்த எரிச்சல் முகத்தில் இருந்தது. டின்களைச் சுற்றி வந்து பார்த்தார்.

"பயிர் எங்கய்யா?"

"இதுதாங்க."

"இதுக்குத் துப்பாக்கி வேற காவலா? எந்த மிருகம் வந்து இதைத் திங்குது?"

ராவுத்தர் வாயைத் திறக்கும் முன்னால் பீவியம்மா வளர்த்த வெள்ளாடு எங்கிருந்தோ வந்தது. எல்லார் எதிரிலும் முதல் டின்னில் வாயை வைத்து, கடலைச் செடியை வேரோடு பிடுங்கி மென்றது.

"பாத்துக்கங்க சார்! கண்ணால பாத்துக்கங்க! பயிர்ச் சேதம்!" என்று ராவுத்தர் குதித்தார். அவ்வளவு சந்தோஷமாகப் பயிரைப் பறிகொடுத்த விவசாயியை நான் பார்த்ததில்லை.

"அப்ப இதைச் சுடப்போறீரா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "ஆட்டு மேல கைய வச்சா இந்த வீட்டுல யாருக்கும் சோறு கெடையாது. ஆபீசருக்கும் சேத்துத்தான் சொல்றேன்."

இன்ஸ்பெக்டர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்கு லைசென்ஸுக்குச் சிபாரிசும் எழுதினார், சாப்பிட்டுவிட்டும் போனார்.

ஐம்பதுகள் முடிகிற சமயத்தில் டில்லியில் மெய்யாகவே புயல் அடித்தது. பழைய ஆயுதச் சட்டத்தை எடுத்துவிட்டுப் புதுச் சட்டம் வருகிறது. அது கமிட்டியில் இருந்த நாளெல்லாம் ராவுத்தர் தாடியைக்கூட ஒழுங்காகச் சீவவில்லை. சட்டம் நிறைவேறியது. பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு நான் ஒவ்வொரு பிரிவாகப் படித்தேன். இன்ஸ்பெக்டரும் அன்று வேறு வேலையாக வந்தவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

ஓரிடத்தில் நிறுத்தினேன். "ராவுத்தரே, இதக் கேளுங்க. ரிப்பேர் பண்ணினாலும் சுட முடியாத பழைய துப்பாக்கிக்கு இந்தச் சட்டமே பொருந்தாதாம். லைசென்ஸும் வேண்டியதில்ல. ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

"நல்லதாப் போச்சு. டின்னுக் கடலையக் காட்டி இனிமே லைசென்ஸ் வாங்க முடியாது, சுடாதுன்னு சொல்லிரும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

ராவுத்தருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "என்னா சார் பேசுறீங்க? சிறுத்தைய அடிச்ச துப்பாக்கி! மாமா குடுத்தத நான் என் வாயால செத்துப்போச்சுன்னு சொல்லவா? லைசென்சு ரத்தானாலும் ஆகட்டும், அந்த வார்த்தையச் சொல்ல மாட்டேன்."

"ரத்தானா துப்பாக்கி போயிரும்யா."

ராவுத்தர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் தளும்பியது. "அது போனா அவளும்ல போயிருவா" என்றார், எங்களுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

அந்த வீட்டில் கதவுக்குக் கேட்காத பேச்சு எது? "ஏங்க, அது சுடாது" என்றது குரல். "அந்தத் தக்கைய எடுத்துப் பாருங்க."

கல்யாணத்தன்று கட்டிய நூலை இன்ஸ்பெக்டர்தான் அவிழ்த்தார். தக்கைக்குக் கீழே, குழல் வாய் வரைக்கும், காய்ச்சி ஊற்றிய ஈயம் இறுகிக் கிடந்தது. இத்தனை வருஷமாகத் தினமும் எண்ணெய் போட்டுத் துடைத்தவர் தக்கையை மட்டும் தொட்டதில்லை.

"கோவக்கார மாப்பிள்ளையோ என்னமோ, சுடுற துப்பாக்கிய எப்படி நம்பிக் குடுக்குறதுன்னு எங்க அத்தாதான் ஊத்தி அடைச்சாக" என்றது குரல்.

"ஒனக்கு எப்பத் தெரியும் புள்ள?"

"நிக்காஹுக்கு முன்னாடியே தெரியும்."

"ஏன் சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீக?" குரல் கொஞ்சம் தாழ்ந்தது. "சட்டம் படிக்கிறதுல ஒங்களுக்கு ஆசையின்னுல்ல நெனச்சேன். நான் போயிருவேன்னா பயந்தீக? நான் எங்கிட்டுப் போகப் போறேன்?"

இன்ஸ்பெக்டர் எழுந்து வாசலுக்குப் போய், இல்லாத மழையைப் பார்க்க ஆரம்பித்தார். நானும் அவரோடு போய் நின்றுகொண்டேன்.

இனி ராவுத்தருக்குக் கவலையே இல்லை. வினையே அதுதான்! பலகைகள் இரண்டும் வெறுமையாகத் தொங்கின. சாயங்கால பஸ் வந்தால் அவர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. "ஒண்ணுமில்ல வாத்தியாரே, நீங்க ஸ்கூல் நோட்டப் பாருங்க" என்பார். மனிதர் பாதியாக இளைத்துப்போனார். கொஞ்ச நாளில் அவரைவிட நான்தான் அதிகமாகச் சங்கடப்பட்டேன்.

ஒரு நாள் காலையில் நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி வெளியே வந்தால், என் அறை வாசலில் முக்காடு போட்ட ஓர் அம்மாள் நிற்கிறார். ஒல்லியான, சின்ன உருவம். யார் என்று தெரியாமல் விழித்தேன். வாயைத் திறந்ததும்தான் தெரிந்தது. இந்தச் சின்ன உடம்பிலிருந்தா அந்தக் குரல்!

"வாத்தியார் தம்பி, பேப்பர்ல வேற மசோதா ஏதும் வரலையா?"

"எதுக்கும்மா?"

"அவுக சரியாச் சாப்பிடுறதில்ல. முன்னெல்லாம் மஃரிபு தொழுதுட்டு வந்து ஒக்காந்து, அன்னைக்கு டில்லியில நடந்ததையெல்லாம் எனக்குச் சொல்லுவாக. எனக்கு ஒண்ணும் வெளங்காது தம்பி. ஆனா அதக் கேக்காம வீடு வீடா இல்ல. பாத்து ஏதாச்சும் ஒண்ணு குடுங்க."

அன்று பேப்பரை வரிவரியாகச் சலித்தேன். துப்பாக்கி எங்குமே இல்லை. கடைசிப் பக்கத்தின் மூலையில் கிடைத்தது ஒன்று. டில்லியில் வரதட்சிணையைத் தடுக்க ஒரு மசோதா. நேரே கடைக்குப் போனேன்.

"ராவுத்தரே, இனிமே கல்யாணத்துல சீர் வாங்குறது குத்தமாம். இப்பதான் பேச்சு நடக்குது."

அவர் தலை மெல்ல நிமிர்ந்தது. கண் துப்பாக்கிக்குப் போனது. துப்பாக்கியிலிருந்து கதவுக்குப் போனது.

"சீரா? அது... அது சீரா வந்ததுல்ல வாத்தியாரே? பழைய கல்யாணத்துக்கும் பொருந்துமா? எந்த வாசிப்புல இருக்கு? அட, பொடி எழுத்த விடாமப் படிங்க!"

சாக்கட்டியைத் தேடிக் கடையையே கவிழ்த்துப் போட்டார். 'டில்லி: கடும் கொந்தளிப்பு' என்று கொட்டை எழுத்தில் எழுதினார். பிறகு என் காதருகே வந்து, "அவகிட்ட இப்பச் சொல்ல வேணாம், நானே பக்குவமாச் சொல்லிக்கிறேன்" என்றார். கதவிடுக்கில் வளையல் கை டீ நீட்டியது. என் கிளாஸில் அன்று சர்க்கரை ஒரு பிடி தூக்கல்.

அந்தி சாய்ந்த நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் ராவுத்தரின் குரல் மறுபடி கேட்டது. முதல் வாசிப்பை விளக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வரிக்கும் பீவியம்மா "ம்" போட்டார்.

"பெறகு?"

"பெறகு என்ன, கமிட்டிக்குப் போகும் புள்ள."

"போகட்டும். இன்னும் கொஞ்சம் சோறு வச்சுக்கங்க."

அத்தனை வருஷமும் மசோதாக்களைத் திட்டிக்கொண்டே படித்தவன் நான். டில்லிக்காரர்கள் எந்தச் சட்டத்தையும் சீக்கிரம் முடித்துவிடக் கூடாதே என்று அன்றைக்குத்தான் மனதார வேண்டிக்கொண்டேன்.