கோணியூசியின் முறியாத கால்

கண்டியில் கோப்பி விளைந்த அத்தனை வருஷத்திலும், தன் கால் முறியவில்லையே என்று ஊரைக் கூட்டி ஒப்பாரி வைத்த ஒரே மனிதர் எங்கள் கோணியூசிதான். கால் முறிந்தவர்கள் எல்லாம் சத்தமில்லாமல் படுத்துக் கிடந்து எழுந்து போனார்கள். முறியாத இவர் போட்ட கூச்சலில் எங்கள் கோப்பி ஸ்டோர்க் கூரையில் குடியிருந்த புறாக்கள் இரண்டு நாள் திரும்பி வரவில்லை.

அவருக்குச் சொந்தமாக ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. கண்டியில் ஒரு கோப்பி ஸ்டோரில் நான் மூட்டைகளுக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்த காலம் அது. தோட்டங்களிலிருந்து வரும் கோப்பியைக் காயவைத்து, சாக்கில் கட்டி, மாட்டு வண்டியில் ஏற்றிக் கொழும்புக்கு அனுப்புவோம். சாக்கின் வாயைத் தைப்பது அவர் வேலை. ஆள் ஒல்லி, நெட்டை, கழுத்தருகே கொஞ்சம் வளைவு. கோணியூசி என்று பெயர் வைத்தவன் அதிகம் யோசித்திருக்க மாட்டான்.

தன் தையலைப் பற்றி அவருக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு தடவை கடுகண்ணாவை இறக்கத்தில் எங்கள் வண்டி ஒன்று கவிழ்ந்து, மூட்டைகள் பள்ளத்தில் உருண்டன. ஒரு கொட்டைகூடச் சிந்தவில்லை. வண்டிக்காரனுக்கு அடி பலமா என்று கேட்டேன். அதெல்லாம் விசாரிக்கவில்லை, தையல் நின்றது என்று மட்டும் கேள்விப்பட்டேன் என்றார்.

இப்படிப்பட்டவருக்கு நாற்பதை எட்டும் வயதில் ஒரு சம்பந்தம் கூடி வந்தது. பிலிமத்தலாவையில் வண்டிப்பேட்டை வைத்திருந்த ஒருவரின் மகள். கொழும்புக்குப் போகும் வண்டிகள் எல்லாம் அங்கே நின்று மாடு மாற்றும். வண்டிக்காரர்களுக்குச் சோறு ஆக்கிப் போடுவது அந்தப் பெண்தான். முப்பது வயதாகிவிட்டது, வாய் கொஞ்சம் நீளம் என்று சொல்லித் தட்டிக்கழித்த மாப்பிள்ளைகள் பலர். கோணியூசி அவளை ஒரு முறை தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வந்து, ஒரு வாரம் எல்லா மூட்டைகளுக்கும் இரட்டைத் தையல் போட்டார். சம்பந்தம் பேசியது எங்களுக்குச் சாக்கு விற்கும் முஸ்லிம் வியாபாரி; அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வரலாம் என்று நாளும் குறித்தாகிவிட்டது.

நாள் குறித்த மறுநாள்தான், அடுக்கின் உச்சியில் இருந்த ஒரு மூட்டை நழுவி அவருடைய வலது பாதத்தில் விழுந்தது. அலறிக்கொண்டு சாய்ந்தார். நாங்கள் நாலு பேர் சேர்ந்து மூட்டையைத் தூக்கினோம். தரையில் கிடந்தபடியே கையை நீட்டி மூட்டையின் வாயைத் தடவிப் பார்த்தார்.

"தையல் விட்டுச்சா?"

விடவில்லை என்றோம். அதற்குப் பிறகுதான் தொடர்ந்து அலறினார்.

கால் வீங்கிப் பலாக்கொட்டை நிறத்திலிருந்து கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. வண்டியில் போட்டுக் கலகெதரவுக்குக் கொண்டுபோனோம். அங்கே எலும்பு முறிவுக்குப் பேர்போன ஒரு சிங்கள நாட்டு வைத்தியர், அவர்கள் பாஷையில் வெதமாத்தயா, இருந்தார். அவர் கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு விரலாக அழுத்திப் பார்த்தார். பிறகு கண்ணைத் திறந்து, "கெடிலா நே" என்றார். முறியவில்லை என்று அர்த்தம். நாங்கள் எல்லாரும் பெருமூச்சு விட்டோம். கோணியூசியின் முகம் மட்டும் விழுந்துவிட்டது.

இன்னொரு தடவை பார்க்கச் சொன்னார். வைத்தியர் பார்த்தார், முறியவில்லை. கீறலாவது விட்டிருக்குமா என்று கேட்டார். கீறலும் இல்லை. சுண்டு விரலிலாவது ஏதாவது இருக்கும் என்று காலை நீட்டினார். வைத்தியர் பச்சிலை அரைத்துக் கட்டி, எண்ணெய்ப் போத்தல் ஒன்றைக் கையில் கொடுத்து, இந்த ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று எங்களிடம் சைகை காட்டினார்.

அவருடைய துக்கத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அடிபட்ட செய்தி காக்கா மூலம் வண்டிப்பேட்டைக்குப் போயிருந்தது. முறிவு என்றால் நாளைத் தள்ளிப்போடலாம், வெறும் வீக்கத்துக்கெல்லாம் நாளை மாற்றினால் இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று பேட்டைக்காரர் சொல்லியனுப்பிவிட்டார். ஆனால் உண்மையான காரணம் வேறு. முறியவில்லை என்று தெரிந்த நிமிஷத்திலிருந்து ஊரில் ஒருவரும் அவருடைய வலியை நம்பவில்லை. பார்க்கிறவர்கள் எல்லாம் "முறிஞ்சிருச்சா?" என்று பதறிக் கேட்பார்கள். இல்லை என்று சொன்னதும், "அப்ப ஒண்ணுமில்ல" என்று வெற்றிலையைப் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். "ஒண்ணுமில்லன்னா காலக் குடுத்துட்டுப் போங்க, எனக்கு மட்டும் எதுக்கு?" என்று அவர் பின்னாலிருந்து கத்துவார். தோட்டத்துத் துரைகூடக் குதிரையிலிருந்தபடியே விசாரித்தார். முறியவில்லை என்றதும் நல்லது என்று சொல்லிவிட்டுக் குதிரையைத் தட்டினார். அந்தக் குதிரை தன்னை ஒரு மாதிரியாகப் பார்த்ததாகக் கோணியூசி கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

யாரும் தெரியாமல் மிதித்துவிடக் கூடாதே என்று காலுக்கு ஒரு சாக்கு தைத்துக்கொண்டார். உள்ளே கோப்பி உமி, வெளியே நல்ல சணல், கணுக்காலைச் சுற்றி அவருடைய புகழ்பெற்ற தையல். பழைய சாக்கை வெட்டித் தைத்ததால் தோட்டத்தின் முத்திரை சரியாகக் கட்டைவிரலுக்கு மேலே வந்துவிட்டது. ஒரு மத்தியானம் அடுக்கின் மேல் சாய்ந்து, காலை நீட்டித் தூங்கிப்போனார். ஸ்டோரில் மூட்டை நிறுக்கும் நிறுவைக்காரர் எண்ணிப் பார்த்ததில் அந்தத் தோட்டத்துக்கு ஒரு மூட்டை கூடுதலாக வந்தது. மூன்று தடவை எண்ணினார். நாலாவது தடவை அந்த மூட்டையை இழுத்தார். புறாக்கள் மறுபடியும் போய்விட்டன.

வியாழக்கிழமை வந்தது. கோணியூசியால் பத்து அடி நேராக நடக்க முடியவில்லை. அப்போதுதான் காக்கா பெரிய குண்டைத் தூக்கிப் போட்டார். பேட்டைக்காரர் ஆயுசு முழுக்க மாடு வாங்கியே பழகியவர். வாசலில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, றோட்டிலிருந்து பேட்டைவரை உள்ள ஏற்றத்தில் மாட்டை நடக்கவிட்டுப் பார்ப்பார். நடையில் பிசகு இருந்தால் பல்லைக்கூடப் பிடித்துப் பார்க்க மாட்டார். மருமகனையும் அப்படித்தான் பார்க்கப் போகிறார் என்றார் காக்கா. கோணியூசி சாக்குக் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, இந்த இடமும் போனால் இனி எனக்கு யாரும் இல்லை என்றார். கேலி பண்ண வந்த நான் அவர் பக்கத்தில் ஒரு மூட்டை மேல் உட்கார்ந்தேன்.

யோசனையையும் காக்காதான் கண்டுபிடித்தார்.

"நாம நாலு பேரும் சேந்து நொண்டுவோம். எல்லாரும் நொண்டினா எது நொண்டின்னு அவருக்கு எப்பிடி வெளங்கும்?"

இன்றைக்கு யோசித்தால் இது முழுப் பைத்தியக்காரத்தனம். அன்றைக்கு எங்களுக்கு மகா புத்திசாலித்தனமாகப் பட்டது. காக்கா, நிறுவைக்காரர், வண்டிக்காரன், நான் என்று நாலு பேரும் சாயங்காலம் முழுக்க ஸ்டோர் முற்றத்தில் வலது காலை இழுத்து இழுத்துப் பழகினோம். கோணியூசி ஒரு மூட்டை மேல் உட்கார்ந்து, வலிக்கிற மாதிரி நொண்டுங்கள், குடித்த மாதிரி நொண்டாதீர்கள் என்று திருத்திக்கொண்டிருந்தார்.

மறுநாள் பேராதனைப் பாலம் தாண்டிப் பிலிமத்தலாவை போய்ச் சேர்ந்தோம். வண்டியைத் திருப்பத்திலேயே நிறுத்தி இறங்கினோம். சாக்கைக் கழற்றி வண்டியில் போட்டுவிட்டுக் கோணியூசி நடுவில் நின்றார். மேலே கதிரையில் பேட்டைக்காரர். அவருக்குப் பின்னால் சமையற்கட்டு வாசலில் மகள்.

நொண்ட ஆரம்பித்தோம். காக்கா பிரமாதமாக நொண்டினார். நிறுவைக்காரர் முனகலும் சேர்த்துக்கொண்டார்.

"வலது காலுடா மடையா" என்று கோணியூசி பல்லைக் கடித்துக்கொண்டு என்னிடம் சொன்னார். பதற்றத்தில் நான் இடது காலை இழுத்துக்கொண்டிருந்தேன். சட்டென்று மாற்றினால் தெரிந்துவிடும் என்று இடதையே இழுத்தேன்.

பாதி ஏற்றத்தில்தான் அந்த விபரீதம் நடந்தது. கோணியூசி நிமிர்ந்து, சமையற்கட்டு வாசலைப் பார்த்தார். அவள் இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான். மனுஷன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நேராக நடக்கத் தொடங்கிவிட்டார். அவருக்காக நாங்கள் நாலு பேர் நொண்டிக்கொண்டு போகிறோம், அவர் மட்டும் துரை மாதிரி நடக்கிறார். நெற்றியில் வேர்வை வழிந்து மூக்கு நுனியில் சொட்டியது. கண்ணில் தண்ணீர் நின்றது. ஆனால் ஓரடிகூடப் பிசகவில்லை.

பேட்டைக்காரர் எங்கள் காலையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"மாப்பிள்ள நட சுத்தம். கூட வந்தவங்களத்தான் ஏன் இப்பிடிப் பொறுக்கிக் கூட்டிக்கிட்டு வந்தீங்கன்னு தெரியல."

காக்கா வாயைத் திறந்து ஏதோ சமாளிப்பதற்குள், மகள் உள்ளே போய் ஒரு சட்டியுடன் வந்தாள். உப்புப் போட்ட வெந்நீர். நாளெல்லாம் வண்டிக்காரர்களின் காலையும் மாடுகளின் காலையும் பார்க்கிறவள் அவள். எங்கள் நாலு பேரையும் தாண்டிப் போய், நேராக நடந்து வந்த அந்த மனிதர் முன்னால் சட்டியை வைத்தாள்.

"கால இதுல வைங்க. முறிஞ்சிருக்கா?"

மூன்று வாரமாக அவர் சண்டை போட்டுக்கொண்டிருந்த அதே கேள்வி. கோணியூசி தலையைக் குனிந்துகொண்டார்.

"இல்லீங்க. முறியல."

"முறியலன்னா என்ன? வலிக்குந்தானே."

கோணியூசி காலைச் சட்டியில் வைத்தார். பிறகு மேல்துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டு அழுதார். மூட்டை விழுந்தபோது போட்ட கூச்சலெல்லாம் இல்லை. சத்தமே வரவில்லை. மாட்டின் நடையைத் தவிர வேறெதையும் பார்க்காத பேட்டைக்காரர்கூட வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, இந்த வலியோடு இந்த ஏற்றத்தை நேராக ஏறியவனை விட மாட்டேன் என்று சொல்லிவிட்டு, வெற்றிலைத் தட்டைக் கொண்டுவரச் சொன்னார். எங்கள் நாலு பேருக்கும் தனியாக ஒரு சட்டி வெந்நீர் வந்தது. அதில் காலை வைக்காமல் தப்பிக்க வழியில்லை.

கோப்பியை நோய் தின்றது, தேயிலை வந்தது, அந்த ஸ்டோரும் கைமாறியது. கோணியூசி போய்ச் சேர்ந்தும் வருஷம் பல ஆகிவிட்டன. பிலிமத்தலாவைப் பக்கம் போனால் அந்த ஏற்றத்தில் மட்டும் என் கால் ஒரு இழுப்பு இழுக்கிறது. இன்றைக்கும் இடது கால்தான். தெரிந்தேதான் இழுக்கிறேன். வலது காலுடா மடையா என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்காதா என்று இருக்கிறது.