ஆறாவது பேர்

ஆண்டவன் மனிதனுக்குக் கையை எதற்காகக் கொடுத்தான் என்பது கீழ்க்கட்டளை சர்வீஸ் அக்காவைப் பார்த்தவர்களுக்கு மட்டுமே தெரியும். மற்றவர்களெல்லாம் அதை வைத்துச் சும்மா சோறு பிசைந்துகொண்டிருக்கிறோம்.

சர்வீஸ் என்றால் வாலிபால் சர்வீஸ். பெயரை மட்டும் கேள்விப்பட்டு, பல்லாவரத்திலிருந்து ஓர் அம்மாள் ரிப்பேரான மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். "இது அந்த சர்வீஸ் இல்லம்மா" என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். அக்கா அப்படிப்பட்டவர் இல்லையே! எந்த சர்வீஸ் என்று காட்டுவதற்காக ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து எதிர்வீட்டு மொட்டை மாடிக்கு ஒரே தட்டு. வந்த அம்மாள் மிக்ஸியை மறந்துவிட்டு ஓடியே போனாள்.

துணி ஏற்றுமதிக் கம்பெனியில் அக்காவுக்குக் காஜா எடுக்கும் வேலை. பள்ளிக்கூட டீமில் ஆடிக்கொண்டிருந்தவரை, பெரியவளானதும் அவருடைய அப்பா நிறுத்திவிட்டார். அதன் பிறகு மைதானத்தில் அக்காவுக்கு இடம் கோட்டுக்கு வெளியேதான். சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் டிபன் பையோடு நிற்பார். ஊர்ப் பையன்கள் நாங்கள் வெளியே அடிக்கும் பந்தை எடுத்துக் கொடுக்க மாட்டார், சர்வீஸ் போடுவார். அது போன வேகத்தைவிட அதிக வேகத்தில் திரும்பி வரும். எங்கள் கேப்டனின் மூக்குக்கண்ணாடி அப்படித்தான் காலமானது.

"ஒரே ஒரு மேட்ச்சுடா. கோட்டுக்கு உள்ள நின்னு ஆடணும். அப்பாலிக்கா செத்தாக்கூட பரவால்ல" என்பார். நாங்கள் சிரிப்போம். அக்கா சிரிக்க மாட்டார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு பொங்கல் டோர்னமென்ட். "அணிக்கு ஆறு பேர்! ஆறு பேர் இருந்தால் போதும்!" என்று ஒரு வாரமாக ஆட்டோவில் மைக் அலறியது. காலையில் போய் நின்றால் நாங்கள் ஐந்து பேர். ஆறாவது ஆளான சேகர் மஞ்சள் காமாலையில் கீழாநெல்லி குடித்துக்கொண்டிருந்தான். தலையில் கைவைத்து உட்கார்ந்தோம். அப்போது புடவைக்குள் தம்பியின் பேன்ட்டை மாட்டிக்கொண்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அக்கா கோட்டைத் தாண்டி உள்ளே வந்தார்.

டோர்னமென்ட்டை நடத்திய பந்தல் காண்ட்ராக்டர் மைக்கோடு ஓடிவந்தார். மைக்கை அணைக்க மறந்துவிட்டார். அதுதான் அவர் செய்த தப்பு.

"இன்னாம்மா இது? வெளிய போ."

"ஆறு பேருன்னுதானே சொன்னீங்க? நான் ஆறாவது பேரு."

"பேருன்னா ஆம்பளைங்கதாம்மா!"

"அப்டியா? மத்தியானம் எத்தினி பேருக்குண்ணா சாப்பாடு ஆவுது?"

"எரநூறு பேருக்கு."

"அதுல பொம்பளைங்க கீறாங்களா?"

"பின்ன? பாதி அவுங்கதான்."

"சாப்புடச் சொல்ல நான் பேரு. ஆடச் சொல்ல பேரு இல்லியா? நல்லாக் கீதுண்ணா உங்க கணக்கு!"

அத்தனையும் குழாய் ஸ்பீக்கரில் ஊர் முழுக்கக் கேட்டது. சமையல் கொட்டகையிலிருந்து கரண்டியோடு பெண்கள் வெளியே வந்தார்கள். கரண்டியைப் பார்த்ததும் காண்ட்ராக்டர் இறங்கி வந்தார்.

"சரி, ஆடு. லேடீஸுக்கு நெட்டு கம்மி ஒசரம்தானே? எறக்கச் சொல்லட்டா?"

"எறக்குனா அந்தப் பக்கமும் சேத்துத்தான் எறங்கும். ஆறடிக்காரன் எவனாச்சும் வந்தா உக்காந்துகினே அடிப்பான். கம்முனு வுடுங்கண்ணா."

அந்தக் காலத்தில் சர்வீஸ் போடுகிற பக்கத்துக்குத்தான் பாயின்ட். அக்கா கைக்குப் பந்து போனால் எதிரணிக்கு ஏழரை பிடித்தது என்று அர்த்தம். முதல் மேட்ச்சில் எதிரே நின்ற கோவிலம்பாக்கத்து அணி, முதல் பந்துக்குச் சிரித்தது. மூன்றாவது பந்துக்கு ஒருவரையொருவர் திட்டிக்கொண்டது. அதன் பிறகு பந்து வரும்போது சிலுவை போட்டுக்கொண்டது. இப்படியே பைனல் வரை போய்விட்டோம்.

பைனலில் தோற்றோம். அக்கா முன்வரிசைக்கு வந்தபோதெல்லாம் ஓர் ஆறடிக்காரன் அவர் தலைக்கு மேலேயே அடித்தான். உயரம் உயரம்தான், அதை மறைப்பானேன்? "நெட்டை எறக்கியிருக்கலாமோக்கா?" என்றேன். "போடா, தோத்தாலும் உள்ள நின்னு தோத்தேன்" என்றார். கண் கலங்கியிருந்தது, வாய் கொள்ளாத சிரிப்பு.

இரண்டாம் பரிசு ஆளுக்கொரு கரைவேட்டி. அக்காவுக்கும் கொடுத்தார்கள், காண்ட்ராக்டர் திருதிருவென்று விழிக்க. அடுத்த வருஷம் பரிசு எவர்சில்வர் தூக்காக மாறிவிட்டது. எங்கள் பக்கத்தில் சமத்துவம் அப்படித்தான் வந்தது.

அந்த வேட்டியை அக்கா தம்பிக்குக் கொடுக்கவில்லை. தெருவைப் பார்த்த ஜன்னலுக்குத் திரையாக மாட்டினார், கரை வெளியே தெரியும்படி. எங்கள் ஐந்து பேர் வேட்டியும் எப்போதோ கிழிந்து கரித்துணியாகிவிட்டது. வீடு மாறிப் போன பின்பும், அந்தப் பக்கம் வந்தால் அந்த ஜன்னலைப் பார்க்காமல் என்னால் போக முடிந்ததில்லை. திரை ஆடினால், அக்கா உள்ளேதான் இருக்கிறார் என்று மனதுக்கு அப்படியொரு நிம்மதி.