சாக்பீஸில் எழுதிய குழாய்

ஷாதிபூர், போர்ட் பிளேர்
12-3-1968

கண்ணியத்துக்குரிய மச்சான் சாகுல் ஹமீது அவர்களுக்கு, மீரான் ஸலாமுடன் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் தங்கை ஜன்னத்தும் சுகம். பரங்கிப்பேட்டையில் மாமியின் முழங்கால் வலி குறைய துஆச் செய்கிறோம்.

நான் நகரசபைத் தேர்தலில் நிற்கிறேன். எதிர்த்து நிற்பவர் பெயிண்ட் கடை கோவிந்தராஜ். நம் வார்டுக்கு ஒரே ஒரு தெருக்குழாய் வரப்போகிறது. ஜன்னத் தினம் மூன்று நடை பள்ளத்துக் கிணற்றுக்கு இறங்கி ஏறுவது உங்களுக்குத் தெரியும். குழாயை மேட்டில் வைப்பேன் என்று அவர் சுவரில் பெயிண்ட் அடித்தார். பள்ளத்தில் வைப்பேன் என்று நான் கடை விலைப்பலகையில், பருப்பு விலைக்குக் கீழே, சாக்பீஸில் எழுதினேன். எண்ணிப் பார்த்தால் பள்ளத்து ஓட்டு மட்டும் போதாது, அழித்து நாலு வீடு மேலே ஏற்றினேன், சீனி வாங்க வந்த மேட்டு வீட்டுக் கண்ணம்மா முகத்தைச் சுளித்ததும் இன்னும் இரண்டு வீடு ஏற்றினேன், பள்ளத்து ஆட்கள் கடைப்பக்கமே வராமல் போகவே ஒரு வீடு இறக்கினேன். வங்காளி மிஸ்திரி ஒருவர், "மீரான் பாய், நல் கிதர் லகேகா?" என்று குழாய் எங்கே என்று கேட்டார். "ஆப் ஜிதர் போலேகா, உதர்" என்றேன். அவர் சொல்லும் இடம்தான் என் இடமும். சிரித்துக்கொண்டே போனார், அந்த ஓட்டு நமக்குத்தான். இப்படி ஒன்பது தடவை அழித்து எழுதியதில் குழாய் சரிபாதியில், நம் கடை வாசலில், வந்து நின்றது. இதில் என் சுயநலம் ஒன்றுமில்லை, கணக்கு அப்படி. மேட்டு ஓட்டு மட்டும் தமக்கும் போதாது என்று கண்ட கோவிந்தராஜ், பழைய எழுத்தின் மேலேயே பெயிண்ட் அடித்து, 'குழாய் மீரான் கடை வாசலில்' என்று எழுதிவிட்டார். என் பெயரை வைத்தே என்னைத் தோற்கடிக்கப் பார்க்கிறார், மச்சான்!

தலைக்குத் தலை எண்ணிவிட்டேன். அவருக்கு அறுபது, எனக்கு அறுபது. உங்கள் பெயர் இன்னும் இங்கே பட்டியலில் இருக்கிறது. அடுத்த கப்பலிலேயே ஏறி வாருங்கள். தோற்றால் இந்தத் தெருவில் எந்த முகத்தோடு பருப்பு நிறுப்பேன்?

அல்லாஹ் கடலை உங்களுக்கு லேசாக்கி வைப்பானாக. மாமிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஸலாம்.

இப்படிக்கு,
மீரான்

பின்குறிப்பு: இந்தக் கடிதம் போகும் கப்பல் பழுதாகி இன்றுதான் புறப்படுகிறது. அதற்குள் தேர்தல் முடிந்துவிட்டது. கோவிந்தராஜுக்கு அறுபத்தொன்று, எனக்கு ஐம்பத்தொன்பது. நீங்கள் வந்திருந்தாலும் போதாது. தாவிய ஓட்டு யாருடையது என்று ஒரு வாரம் தெருவையே முறைத்துக்கொண்டிருந்தேன்.

"என்னோட ஓட்டுதான்," என்றாள் உங்கள் தங்கை, சோறு போட்டபடியே. "ரெண்டு பேரும் நம்ம வாசல்லதான்னு எழுதியிருந்தீங்க. அவரு எழுதுனது பெயிண்டு. உங்களது சாக்பீஸு."

ஓட்டுக்காக வர வேண்டாம். வந்தால் பெரிய குடமாக இரண்டு வாங்கி வரச் சொல்கிறாள்.