திவாலுக்கு ஒரு ஒத்திகை

லிஃப்ட் மெக்கானிக் அன்று மாலை வீட்டுக்குள் நுழைந்ததே ஓட்டமாகத்தான். செருப்பில் ஒன்று வாசலில் கிடந்தது. இன்னொன்று கூடம்வரை கூடவே வந்தது.

"ஏய், நாம திவாலாகப் போறோம்!"

முகத்தில் லாட்டரி விழுந்த களை. மருந்துக்கடையில் நாளெல்லாம் பில் போட்டுவிட்டு அப்போதுதான் வந்திருந்த மனைவி, கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"யார் சொன்னது?"

"ஒரு வக்கீல்! நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவுல மாட்டிக்கிட்டார். கதவு இடுக்கு வழியா நாற்பது நிமிஷம் எனக்குச் சட்டம் சொல்லிக் கொடுத்தார். மூணு கார்டுக் கடன், பேங்க் கடன், எல்லாம் போயிடும்! ஒரு மனு, ஒரு விசாரணை, அவ்வளவுதான்!"

உண்மையில் அது பத்து நிமிட வேலை. சட்டம் சுவையாக இருந்ததால் மெக்கானிக் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டார்.

"கடன் போகும். கூட என்னல்லாம் போகும்?"

"சொத்து இருந்தா எடுத்துக்குவாங்க. நம்மகிட்ட என்ன இருக்கு?"

"அப்புறம் எவனாவது கடன் கொடுப்பானா?"

"கொஞ்ச வருஷம் கொடுக்க மாட்டான்."

"பேங்க்ல ஜாமீன் கையெழுத்துப் போட்ட என் தம்பி?"

இதை அவர் வக்கீலிடம் கேட்கவில்லை. "மச்சான் சமாளிச்சுக்குவான்" என்றார், சுவரைப் பார்த்து.

மனைவி நாற்காலியை இழுத்து மேஜைக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்தாள்.

"கோர்ட்ல உளறுவீங்க. இப்பவே ஒரு ஒத்திகை பார்த்துடலாம். நான்தான் ஜட்ஜ்."

மெக்கானிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டார்.

"உங்க சொத்து?"

"ஒண்ணுமில்லை, கனம் நீதிபதி அவர்களே!"

"மறைச்சா என்ன ஆகும்னு வக்கீல் சொன்னாரா?"

"மனு தள்ளுபடி. ஜெயில்கூட..." சொன்னவர் கழுத்துப் பொத்தானைக் கழற்றிவிட்டார். "பதினெட்டு மாடிக் கட்டடத்து உச்சியில, லிஃப்ட் மிஷின் ரூம்ல, ஒரு டெலஸ்கோப் இருக்கு."

நீதிபதியின் புருவம்கூட அசையவில்லை. பேனா மட்டும் ஓடியது. அந்த அமைதிதான் அவரைக் கவிழ்த்தது.

"ஆஸ்பத்திரி மிஷின் ரூம்ல எலெக்ட்ரிக் கிடார்."

"வாசிப்பீங்களா?"

"இன்னும் உறையே பிரிக்கலை."

"அடுத்து?"

"பேங்க் கட்டடத்து மேல ட்ரெட்மில்."

"கடன் கொடுத்தவன் தலைமேலயேவா?"

விலை, பில், சாவி இருக்கும் இடம், எல்லாவற்றையும் ஒப்பித்தார். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்தும் போட்டார்.

"எப்படி? பாஸா?"

"பிரமாதம். மனுவே வேண்டாம். மூணையும் வித்தா, வட்டி அதிகமா ஏறுற கார்டு முதல்ல தீரும். மத்ததை ரெண்டு சம்பளமும் சேர்ந்து மாசாமாசம் அடைக்கும். ரெண்டு வருஷம். என் தம்பியும் தப்பிச்சான்."

"அடியே, இது ஒத்திகை!"

"உங்களுக்கு."

"டெலஸ்கோப்பை மட்டும் விட்டுடு! இன்னும் சனியை நான் பார்க்கவேயில்லை!"

"அது உங்களைப் பார்த்து ரொம்ப நாளாச்சு."

"அப்பீல் பண்றேன்!"

"தாராளமா. ஆனா ஃபீஸ் கட்டணும். பர்ஸை எடுங்க."

எடுத்து நீட்டினார். உள்ளே இருந்த கார்டுகளை அவள் மேஜைமேல் வரிசையாக அடுக்கினாள்.

கத்தரிக்கோல் மூன்று தடவை 'கறுக்' என்றது.