பெண் பார்க்கப் போய் ரத்தம் கொடுத்த கதை

தூங்கி மானம் போனவர்கள் ஊரில் பலர் இருப்பார்கள். பெண் பார்க்கப் போன வீட்டில், பெண்ணுக்கு எதிரிலேயே, கையில் கேசரித் தட்டோடு குறட்டை விட்டவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.

அப்போது பாம்பனில் ஓர் ஐஸ் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தேன். ஒரு வருடமாக உடம்பு ஊதிக்கொண்டே வந்தது; குரல் கரகரத்துப்போனது. சித்திரை வெயிலில் ஸ்வெட்டர் போட்டுத் திரிந்தேன்.

"ஐஸுக்குள்ளயே கெடந்தா குளிராம என்ன செய்யும்" என்றார் அய்யா; அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன். (உட்கார்ந்த இடத்தில் தூங்குவதற்கு மட்டும் அவர் வேறு காரணம் வைத்திருந்தார்: சோம்பேறி.)

பெண் வீடு உச்சிப்புளி. பெயர் ஜெனிட்டா, ராமநாதபுரத்தில் ஒரு லேப்பில் டெக்னீஷியன். அவள் அப்பா என்னிடம் ஏதோ கேட்டார். பதிலை யோசிக்கக் கண்ணை மூடினேன். அம்மா விலாவில் இடித்தபோது கேசரி என் மடியிலும், என் தலை பெண்ணின் அப்பா தோளிலும் இருந்தன.

"மாப்பிள்ளை குடிப்பாகளோ?" என்று அவர் அமைதியாகக் கேட்டார்.

அய்யா தலை குனிந்துகொண்டார். குடிக்காமலே இப்படித்தான் என்று சொல்வது இன்னும் கேவலம் என்று நினைத்திருப்பார்.

வாசலில் செருப்பை மாட்டும்போது ஜெனிட்டா மடித்த சீட்டு ஒன்றை என் கையில் திணித்தாள். பஸ்ஸில் அம்மாவுக்குத் தெரியாமல் பிரித்தேன். 'டி.எஸ்.எச்., டி4. காலையில் லேப்புக்கு வரவும்.' (மூன்று தடவை படித்தேன். எந்தப் பக்கம் திருப்பினாலும் காதல் தெரியவில்லை.)

மறுநாள் போனேன். ஊசியை எடுத்தபடியே, "கழுத்து வீங்கியிருக்கே, பாக்கலையா?" என்றாள்.

"அய்யாதான் கொழுப்புன்னு சொன்னாக."

"தைராய்டு மாதிரி இருக்கு. ரிசல்ட் வரட்டும், டாக்டர் பாத்துச் சொல்லுவாக."

வந்த எண், இருக்க வேண்டிய அளவைத் தாண்டி எங்கேயோ போயிருந்தது. சுரப்பி சரியாக வேலை செய்யவில்லை என்றார் டாக்டர். தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. அரை மணி நேரத்துக்கு டீகூடக் கிடையாது.

"அப்ப சோம்பேறித்தனம் இல்லையா?" என்று கூட வந்திருந்த அய்யா டாக்டரிடம் இரண்டு தடவை கேட்டார்.

"இல்லைங்க. நோய்தான். சரியாயிரும்."

பஸ் ஸ்டாண்டு வந்ததும் அய்யா என் தோளைப் பிடித்து நிறுத்தினார். பிறகு, "ஏலே, தெரியாம வைஞ்சுபுட்டேன்" என்றார்.

மெல்ல மெல்லக் குளிர் விட்டது, குரல் திரும்பியது. மூன்றாவது முறை ரத்தம் கொடுத்தபோது ஜெனிட்டாவிடம் கேட்டேன். "வீட்டுக்கு இன்னொரு தடவை வரட்டுமா? முழிச்சிருப்பேன்."

"மொதல்ல ரிசல்ட் நார்மலா வரட்டும்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நார்மலாகவே வந்தது.

கல்யாணமாகி நான்கு வருடம் ஆகிறது. மாதா கோயிலில் பிரசங்க நேரத்தில் யார் கண்ணயர்ந்தாலும் சொந்தக்காரர்கள் ஜெனிட்டாவிடம் அனுப்பிவிடுகிறார்கள். இதுவரை ஐந்து பேர். நான்கு பேருக்கு ஒன்றுமில்லை, பிரசங்கம்தான் நீளம். ஐந்தாவது ஆளான என் சின்னம்மாவுக்கு மட்டும் மாத்திரை தொடங்கியது. சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த சின்னம்மா, ஜெனிட்டாவின் கையைப் பிடித்துக்கொண்டு வருத்தமாகச் சொன்னார்:

"மாத்திரை நல்லாத்தான் வேலை செய்யுதும்மா. இன்னைக்கு முழுசையும் கேட்டுட்டேன்."