மாப்பிள்ளை ஏறிய டவுன் பஸ்

கணவருக்கு உத்தியோகம் கிடைத்ததும் அதில் பாதி தனக்கும் கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும் பெண்கள் உண்டு. எனக்கு அந்தப் பாதி போதவில்லை. என் வீட்டுக்காரர் திருச்சியில் ஒரு டவுன் பஸ் கம்பெனியில் செக்கராகச் சேர்ந்திருந்தார். அந்தக் கம்பெனியின் பஸ்களெல்லாம் எங்கள் வீட்டுக் கொல்லையில் கட்டிக்கிடப்பவை என்ற நினைப்பில் நான் உறையூரில் நடமாடிக்கொண்டிருந்தேன். (கொல்லையில் அப்போது ஒரு கறிவேப்பிலைச் செடிக்கே இடம் கிடையாது.)

அறுபதுகளின் தொடக்கம் அது. அவர் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ராயப்பன் என்று ஒரு பெரிய செக்கர் இருந்தார். அவர் இவர் கூடவே சுற்றிப் பார்த்துவிட்டு, 'ஆள் சரி' என்று மேலே சொன்னால்தான் வேலை நிலைக்கும். இதை இவர் என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். என் காதில் ஏறியதெல்லாம் செக்கர் என்ற சொல் மட்டும்தான்.

அந்தச் சமயத்தில் முசிறியிலிருந்து என் அம்மா எங்கள் குடித்தனத்தைப் பார்க்க வந்தாள். அம்மாவுக்குப் பெருமாளுக்கு அடுத்தபடி மாப்பிள்ளைதான். அவர் வந்தால் எழுந்து நிற்பாள். "வாங்க மாப்பிள்ளே" என்பாள். உடனே கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். மற்றப் பேச்செல்லாம் என் வழியாகத்தான். "சரசு, மாப்பிள்ளைக்கு இன்னும் ரசம் வேணுமான்னு கேளு" என்பாள். அவரும் என்னைப் பார்த்தே "போதும்னு சொல்லு" என்பார். நான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டிருப்பேன்.

மறுநாள் அவர் டூட்டிக்குப் போனபின், நானும் அம்மாவும் ஸ்ரீரங்கம் கோயிலுக்குக் கிளம்பினோம். அர்ச்சனைக்குத் தேங்காய், பழம், முசிறி வெற்றிலை எல்லாம் அம்மாவின் கூடையில் இருந்தன. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறி, முன்பக்கம் பெண்கள் சீட்டில் உட்கார்ந்தோம். கண்டக்டர் காதர் அண்ணன் வந்தார். எங்கள் கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டுப் போனவர். ஆனாலும் நான் யார் என்பதைப் பஸ் முழுக்கக் கேட்கும்படி அவரிடம் சொன்னேன்.

"தெரியுங்கம்மா. இருந்தாலும் டிக்கெட் எடுத்துக்கிட்டா நல்லதுங்க" என்றார்.

"எங்ககிட்டயே கேட்டீங்கன்னு அவர்கிட்ட சொல்லட்டுமா?"

பாவம், அந்த மனிதர் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், பின்பக்கம் போய்விட்டார். அம்மா அதற்குள் சுருக்குப்பையை அவிழ்த்திருந்தாள். நான் அதைப் பிடித்து மூடினேன். இது மாப்பிள்ளை வண்டி, இதில் டிக்கெட் எடுத்தால் அவருக்குத்தான் அவமானம் என்றேன். என் அப்பா முசிறியில் ரைஸ் மில் வைத்திருந்தவர். அந்த மில்லில் என்னிடம் யார் அரவைக்கூலி கேட்டிருக்கிறார்கள்? அதே நியாயம்தான் இங்கேயும் என்பது என் கட்சி.

பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டி மாம்பழச் சாலையில் நின்றது. இரண்டு காக்கிச் சட்டைகள் ஏறின. ஒருவர் ராயப்பன். யாரும் இறங்கிவிடாதபடி வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். மற்றவர் என் வீட்டுக்காரர்.

அந்த இடத்தில் நான் பயந்திருக்க வேண்டும். பயப்படவில்லை. 'பார், உன் மாப்பிள்ளை' என்று பெருமையாக அம்மாவை முழங்கையால் இடித்தேன்.

செக்கர் ஏறினால் டிக்கெட் இல்லாதவர்கள் குனிவார்கள், தூங்குவார்கள், ஜன்னல் வழியே தீவிரமாக வேடிக்கை பார்ப்பார்கள். எழுந்து நின்று முந்தானையைத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு, "வாங்க மாப்பிள்ளே" என்று வரவேற்றது என் அம்மா ஒருத்திதான்.

இவர் முகம் வெளுத்துவிட்டது. வாசலில் ராயப்பனின் மீசை இந்தப் பக்கம் திரும்பியது. இவர் எங்கள் இருவருக்கும் பொதுவாக, "டிக்கெட் குடுங்க" என்றார். (கல்யாணமானதிலிருந்து அவர் எனக்கு 'ங்க' போட்டது அன்றைக்குத்தான்.)

அம்மா பஸ்ஸிலும் முறையை விடவில்லை. கதவு இல்லாத குறைக்கு என் தோளுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள். "சரசு, மாப்பிள்ளைகிட்ட சொல்லும்மா. நான் காசு எடுத்தேன். நீதான் மாப்பிள்ளை வண்டி, டிக்கெட் வேணாம்னே."

இதை நான் வேறு அவரிடம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

அதற்கு அவசியம் இருக்கவில்லை. பஸ் முழுக்கக் கேட்டாகிவிட்டது. ராயப்பன் காதர் அண்ணனைக் கூப்பிட்டார். "பையைக் கழட்டுய்யா" என்று கையை நீட்டினார். கண்டக்டர் பையைக் கழற்றினால் வேலை போயிற்று என்று அர்த்தம். அது எனக்கே தெரியும். காதர் அண்ணன் என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். பேசாமல் தோளிலிருந்து வாரை இறக்கினார்.

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. அவமானத்தில் முகம் எரிந்தது. பஸ்ஸோடு காவிரிக்குள் போய்விடலாமா என்றிருந்தது. (பாலத்தை ஏற்கனவே தாண்டியாகிவிட்டது.) எழுந்து நின்றேன். "அவர் கேட்டாருங்க. நான்தான் வீட்டுல சொல்லிடுவேன்னு மிரட்டினேன். அவர் மேல தப்பில்லைங்க" என்றேன். கடைசி வார்த்தை பாதி அழுகையாகத்தான் வந்தது.

ராயப்பன் என்னை விட்டுவிட்டு இவரைப் பார்த்தார். என்ன செய்யப் போகிறாய் என்பது போல ஒரு பார்வை. இவர் ரசீதுப் புத்தகத்தை எடுத்து இரண்டு பேருக்கும் அபராதம் எழுதி, தொகையைச் சொன்னார்.

அதைக் கேட்டு அம்மாவின் முகம் மலர்ந்தது, பாருங்கள். கூடையைத் திறந்து வெற்றிலையை விரித்தாள். அதன்மேல் பணத்தை வைத்தாள். பக்கத்தில் இரண்டு வாழைப்பழமும் வைத்தாள். இரண்டு கையாலும் ஏந்தி மாப்பிள்ளையிடம் நீட்டினாள்.

"என்னய்யா இது, லஞ்சமா?" என்று ராயப்பன் பாய்ந்து வந்தார். வேலை போகப்போகிறது என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

ராயப்பன் மாப்பிள்ளை இல்லையே. அதனால் அம்மா அவரிடம் நேராகவே பேசினாள். "கல்யாணத்துல மாப்பிள்ளை எதுவுமே கேக்கலைங்க. இன்னைக்குத்தான் வாயத் தொறந்து ஒண்ணு கேட்டிருக்காரு. வெறுங்கையில குடுக்க முடியுங்களா?"

முதலில் பின்சீட்டில் ஒருவர் சிரித்தார். பிறகு பஸ்ஸே சிரித்தது. ராயப்பன் அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. மீசை குலுங்கியது. அம்மாவை உட்காரச் சொன்னார். மாப்பிள்ளை நிற்கும்போது தான் எப்படி உட்காருவது என்று அம்மா தயங்கினாள்.

"இறங்குய்யா. அந்தம்மா உட்காரட்டும்" என்றார் ராயப்பன் இவரிடம். பையைக் காதர் அண்ணன் தோளில் தானே மாட்டிவிட்டார். இவர் பணத்தை எடுத்துக்கொண்டு, பழத்தையும் வெற்றிலையையும் கூடையிலேயே வைத்துவிட்டு இறங்கினார்.

மாமியாருக்கே அபராதம் போட்டவன் என்று ராயப்பன் மேலே சொன்னாராம். வேலை நிரந்தரமாயிற்று. எனக்கு அந்தப் பெருமையில் ஒரு பங்கும் கிடைக்கவில்லை. நான்கு நாள் வீட்டில் ரசம் கேட்கக்கூட அவர் என்னிடம் வாய் திறக்கவில்லை. அம்மா பாவம், கதவுக்குப் பின்னாலிருந்து தவித்துப்போனாள்.

அதற்குப் பிறகு அம்மா எப்போது வந்தாலும் முதல் வேலையாக, முசிறியிலிருந்து வந்த டிக்கெட்டை என் கையில் கொடுத்து "மாப்பிள்ளைகிட்ட காட்டிடும்மா" என்பாள். அது வேறு கம்பெனி பஸ். ஆனாலும் இவர் சிரிக்காமல் வாங்குவார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம் பார்ப்பார். மூலையில் லேசாகக் கிழித்துத் திருப்பித் தருவார். பிறகுதான் அம்மா காபி குடிப்பாள். என் பிள்ளைகள் இந்தச் சடங்கைப் பார்ப்பதற்காகவே விளையாட்டை விட்டுவிட்டு ஓடி வருவார்கள்.

ஒருமுறை அம்மா சொந்தக்காரர் ஒருவரின் காரில் வந்து இறங்கினாள். கையில் டிக்கெட் இல்லை. முன்னறைக்கு வராமல் சமையல்கட்டிலேயே நின்றாள். இவர் என்னைக் கூப்பிட்டு, "கார்ல வந்தவங்களுக்கு டிக்கெட் வேணாம்னு உங்கம்மாகிட்ட சொல்லு" என்றார்.

போய்ச் சொன்னேன். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீ சொன்னா நான் நம்ப மாட்டேன். அவரையே வந்து சொல்லச் சொல்லு."